தாமான் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: போனில் பார்க்கும் வீட்டுக் குறிப்புகளில் எவை வேலை செய்யும்?

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாறிய குடும்பங்கள் நிறைய. லயத்தில் இருந்தவரை கூரை ஒழுகினாலும் குழாய் உடைந்தாலும் ஆபீஸில் சொல்லிவிட்டால் போதும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் தோட்டத்து ஆசாரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் சொல்கிறது. சொந்த வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. ஒரு வாஷர் மாற்ற ஆளைக் கூப்பிட்டால், வாஷரின் விலையைவிடப் பல மடங்கு கூலி போகிறது.

அதனால் எல்லாரும் போனைப் பார்க்கிறோம். டிக்டாக்கில் ஒன்று, யூடியூப்பில் ஒன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா அனுப்பியது ஒன்று. இவற்றில் சில உண்மையாகவே வேலை செய்கின்றன. பல சும்மா நுரை பொங்கும் காட்சி. சில ஆளையே கொல்லக்கூடியவை. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது. இந்தக் குறிப்பு ஏன் வேலை செய்கிறது என்று கேளுங்கள். புளிப்பு உப்புப் படிவத்தைக் கரைக்கும், எண்ணெய் பிசினை இளக்கும், வெயில் சாயத்தை வெளுக்கும் என்பதுபோல ஒரு காரணம் சொல்ல முடிந்தால் முயன்று பாருங்கள். காரணமே சொல்லாமல் 'அதிசயம்' என்று மட்டும் சொன்னால் தள்ளிவிடுங்கள்.

இங்கே நான் சொல்பவை எல்லாம் காரணம் தெரிந்தவை. சாமான்களும் நம் ஊர் ஹார்ட்வேர் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவைதான்.

முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

வாய் அளவைத் திருகி மாற்றக்கூடிய ஒரு ஸ்பேனர், தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்குரூ டிரைவர், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் ஒரு சுருள், அரை அங்குலக் குழாய் வாஷர் நாலைந்து, அடைப்பெடுக்கும் ஒரு ரப்பர் பம்ப், ஒரு டார்ச் லைட். சமையலறையில் வெள்ளை வினிகர், ஆப்பசோடா, பாத்திரம் கழுவும் சோப்பு. இவ்வளவு போதும். வீடியோவில் விற்கிற எட்டு வகை ஸ்பிரேயும் மாயப் பசையும் வேண்டியதில்லை.

இன்னொரு வேலையும் முதல் நாளே செய்துவிடுங்கள். தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது, அதன் பக்கத்து வால்வு எந்தப் பக்கம் திருகினால் மூடுகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியையும் அப்படியே. இரவு பதினோரு மணிக்குக் குழாய் பிய்த்துக்கொண்டால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

தண்ணீர் சொட்டுகிறதா?

புதிதாக வீடு பார்த்துக்கொள்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் குழாய் எந்த வகை என்று பாருங்கள். பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய வகையா, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிக்கொள்ளும் புதிய வகையா? பழைய வகையில் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்துபோவதால்தான் சொட்டுகிறது. நாம் இன்னும் பலமாக இறுக்க இறுக்க அது இன்னும் சீக்கிரம் நசுங்கும்.

1. மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாயானால் தொட்டியின் வால்வை மூட வேண்டும்.
2. சொட்டும் குழாயை முழுக்கத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள்.
3. கைப்பிடி மேல் மூடியைக் கிளப்பினால் ஒரு ஸ்குரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள்.
4. கீழே இருக்கும் நட்டில் துணியைச் சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். துணி சுற்றினால் பளபளப்பு கீறாது.
5. வெளியே வரும் தண்டின் அடியில் வாஷர் இருக்கும். அதே அளவுள்ள புதியதைப் போட்டு, வந்த வழியே திரும்பப் பூட்டுங்கள்.

குழாய்க்குக் கீழே உள்ள கழுவும் தொட்டியின் சாக்கடைத் துளையை ஒரு துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். சின்ன ஸ்குரூ உருண்டு உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். கால் சுற்று வகையில் வாஷர் இருக்காது, உள்ளே ஒரு கார்ட்ரிஜ் இருக்கும். விலை மலிவான குழாயாக இருந்தால் முழுக் குழாயையே மாற்றிவிடுவது சுலபம்.

முழுக் குழாயை மாற்றும்போது வெள்ளை டேப் சுற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். குழாயின் மரைமுனையை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். டேப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடி, மரையின் வரிகள் மங்கலாகத் தெரியும் அளவுக்குச் சுற்றுங்கள். சுவரில் திருகி இறுக்கிய பிறகு, நேராக நிற்கவில்லை என்று பின்பக்கம் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டால் கழற்றிப் புது டேப் சுற்றுவதுதான் வழி.

தண்ணீர் பில் திடீரென்று ஏறினால் பைப் ஆளைக் கூப்பிடும் முன் மீட்டரைக் கேளுங்கள். கூரைத் தொட்டி நிரம்பும்வரை பொறுத்திருங்கள். பிறகு வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் யாரையும் தண்ணீரைத் தொட விடாதீர்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது.

பெரும்பாலும் அந்த 'எங்கேயோ' கழிவறைத் தொட்டிதான். இதைக் கண்டுபிடிக்கப் போனில் வரும் சாயக் குறிப்பு அருமையாக வேலை செய்யும். நம் வீட்டில் கேசரிப் பவுடர் இருக்கும் அல்லவா? ஒரு சிட்டிகையைக் கழிவறைத் தொட்டியில் போடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யக் கூடாது. கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால், தொட்டிக்குள்ளே அடியில் இருக்கும் ரப்பர் மூடி சரியாக மூடவில்லை. அதன் விளிம்பில் வழவழப்பாக அழுக்குப் படிந்திருந்தால் துடைத்தாலே சரியாகிவிடும். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அதே மாதிரி ஒன்று வாங்குங்கள். தொட்டியின் நடுக்குழாய் வாய்க்குள்ளேயே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள். நீர்மட்டம் அந்த வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

தண்ணீர்த் தடை முடிந்து திரும்ப வரும்போது பழுப்பாக வருகிறதா? சமையலறைக் குழாயையோ வாஷிங் மெஷினையோ முதலில் திறக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே, தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து, தெளியும்வரை ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். ஃபில்டரும் அடைபடாது, பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையும் தப்பிக்கும்.

அடைப்பு, நாற்றம், அந்த நுரை

ஆப்பசோடாவைக் கொட்டி, மேலே வினிகரை ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோ எல்லார் போனுக்கும் வந்திருக்கும். இது வேலை செய்வதில்லை. ஒன்று காரம், ஒன்று புளிப்பு. சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் கொஞ்சம் உப்புச் சேர்ந்த தண்ணீர்தான். தனித்தனியாக இரண்டும் நல்ல சாமான்கள். சேர்த்தால் இரண்டும் வீண்.

சமையலறைத் தொட்டி அடைப்புக்குக் காரணம் கறி எண்ணெயும் நெய்யும் சோற்றுப் பருக்கையும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றி, கை பொறுக்காத அளவுக்குச் சுடுநீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் பைப் இளகி மூட்டு விட்டுவிடும். இறங்கவில்லையென்றால், மேலே வழிவாய்த் துளை இருந்தால் அதை ஈரத்துணியால் அடைத்துவிட்டு ரப்பர் பம்பால் அழுத்துங்கள். துளையை அடைக்காமல் பம்ப் அடித்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும், அழுத்தமே சேராது. அதற்கும் அசையவில்லையென்றால், தொட்டிக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, போத்தல் போல இருக்கும் பகுதியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பாதி அடைப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வளையத்தை இருந்த இடத்தில் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். பொரித்த எண்ணெயை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாமல் பழைய டின்னில் சேர்த்துவைத்தால் இந்த வேலையே அடிக்கடி வராது.

பின்பக்கக் குளியலறையை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் சாக்கடை நாற்றம் வருகிறது, கரப்பான்பூச்சியும் வருகிறது என்றால் செலவே இல்லாத தீர்வு இருக்கிறது. தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. புழங்காத அறையில் அது காய்ந்துபோகும். வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், நாற்றம் நின்றுவிடும்.

வினிகர் தனியாக நன்றாக வேலை செய்யும் இடம் வெள்ளைப் படிவம். ஷவர் தலையில் துளைகள் அடைத்துக்கொண்டால், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். மின்சாரக் கேத்தலுக்குப் பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி கழித்துக் கொட்டிவிட்டு, இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள். பளிங்குக் கல், மொசைக் தரை இரண்டுக்கும் வினிகர் ஆகாது, கல்லையே அரித்துவிடும்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். கிளோராக்ஸ் போன்ற வெளுப்பானையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்த்தாலும் வேறொரு நச்சு வாயு வரும். 'இரண்டையும் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தம்' என்று சொல்லும் வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தோட்ட ஊர்களுக்கென்றே இன்னொரு ஆபத்து இருக்கிறது. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டையும் களைக்கொல்லி மருந்தையும் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. பாரக்குவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 சனவரி முதல் தடை செய்துவிட்டது. ஆனாலும் பழைய ஸ்டோர்களில் என்ன மிச்சமிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பெயர் ஒட்டாத போத்தல் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. கழிவறை கழுவக்கூட வேண்டாம்.

மஞ்சள் கறையும் வெள்ளிக் கொலுசும்

நம் சமையலுக்கென்றே அமைந்த குறிப்பு ஒன்று உண்டு. கறி வைத்த பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிப்போனால் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. எண்ணெய்ப் பசை போகும்படி கழுவிவிட்டு, திறந்தபடியே வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறத்தைத் தருவது குர்குமின் என்ற பொருள். வெயில் பட்டால் அது சிதைந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளிலேயே நல்ல வித்தியாசம் தெரியும். கறை அழுத்தமாக இருந்தால் மறுநாளும் வையுங்கள்.

துணிக்கும் இதே வழிதான். வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிச் சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிட்டதென்று பதறாதீர்கள். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். குங்குமத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது இதனால்தான். நன்றாக அலசினால் சிவப்பு மறைந்து மஞ்சளுக்குத் திரும்பும். ஈரத்தோடேயே கறைப் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காயப்போடுங்கள்.

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் வரும் அலுமினியத் தாள் குறிப்பு நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு கோப்பை சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா என்ற கணக்கில் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். வெள்ளியின்மேல் படிந்த கறுப்பு வெள்ளி சல்பைடு. அதிலுள்ள கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ள, வெள்ளி இருந்த இடத்திலேயே தங்கிவிடும். கறுப்பைத் தேய்த்து எடுத்தால் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்து போகும். இந்த முறையில் அது போகாது. முட்டை அழுகிய வாடை லேசாக வந்தால் பயப்படாதீர்கள், அது அந்தக் கந்தகத்தின் வாடை. கல் ஒட்டிய நகை, முத்து, வேண்டுமென்றே கறுப்பாக்கிய வேலைப்பாடு ஆகியவற்றுக்கு இதைச் செய்யக் கூடாது.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் பாட்டி சொன்ன புளியை எந்த வீடியோவும் இன்னும் மிஞ்சவில்லை. தேய்த்த உடனே கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். புளித்தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டால் விளக்கு இளஞ்சிவப்பாகிவிடும்.

அடிப்பிடித்த எவர்சில்வர் சட்டிக்கு ஆப்பசோடா. அடி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் கருகல் பொருக்காகப் பெயர்ந்து வரும். அலுமினியச் சட்டிக்குச் சோடா போடாதீர்கள், கறுத்துவிடும். அதற்குப் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிக் கொதிக்க வைப்பதுதான் சரி.

பலாப்பழம் வெட்டும் முன் கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவுவது, புதுப் போத்தலில் ஒட்டிய விலைச்சீட்டின் பசையைச் சமையல் எண்ணெயால் துடைப்பது இரண்டுமே வேலை செய்யும். அரிசியில் வண்டு வராமலிருக்க, வாங்கி வந்த சின்னப் பையை அப்படியே ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். பிரிஞ்சி இலையை நான் நம்புவதில்லை. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் வண்டை விலக்குமே தவிர, ஏற்கெனவே அரிசிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

எறும்பு, கொசு

ஸ்பிரே அடித்தால் கண்ணுக்குத் தெரியும் எறும்பு மட்டும்தான் சாகும். கூடு அப்படியே இருக்கும். மருந்தகத்தில் கிடைக்கும் போரிக் பவுடர் அரைத் தேக்கரண்டி, சீனி எட்டுத் தேக்கரண்டி, வெந்நீர் ஒரு கோப்பை. இதைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து எறும்பு போகும் வழியில் வையுங்கள். பவுடரைக் கூட்டிப் போடாதீர்கள். அதிகமானால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குக் கொண்டுபோகாது. குறைவாக இருந்தால்தான் சுமந்து போய் மற்றவற்றுக்கும் ஊட்டும். முதல் நாள் கூட்டம் கூட்டமாக வரும். அப்போது அதைத் துடைத்துவிடக் கூடாது. சில நாட்களில் குறைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில், மூடியில் துளை போட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் லயத்துப் பழக்கம் எறும்புக்கு நல்ல தடுப்புதான். ஆனால் அந்தக் கிண்ணம் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். அதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

கொசுவுக்கு எலுமிச்சையில் கிராம்பு குத்துவது, காப்பித் தூளை எரிப்பது என்று வருபவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்குப் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தால் கொசு ஆகும் முன்பே அழித்துவிடலாம். பூச்சட்டித் தட்டு, சாமி மேடைப் பூச்சாடி, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, கொட்டாங்கச்சி, செடி வைக்கலாம் என்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ரப்பர் பால் மங்கு, கூரைத் தண்ணீர்க் கால்வாய். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். கொட்ட முடியாத தொட்டிக்கு மருந்தகத்தில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து கிடைக்கும். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் போதும். வீட்டில் லார்வா இருந்தால் சுகாதார அதிகாரிகள் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடலாம். ஆனால் அபராதத்தைவிட டிங்கிதான் பெரிது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் நாம் இதைச் செய்கிறோம்.

கதவும் ஆணியும்

கதவுக் கீலின் ஸ்குரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், துளைக்குள் மரப்பசை தொட்ட பல்குச்சிகளை இறுக்கமாகத் திணித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு, பசை காய்ந்ததும் ஸ்குரூவைத் திருகுங்கள். புது மரத்தில் திருகியதுபோலப் பிடிக்கும். கிரீச்சிடும் கீலுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கீல் ஊசியைத் தட்டி எடுத்து வாசலின் தடவிப் போடுங்கள். சிக்கும் மர டிராயருக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். தலை தேய்ந்த ஸ்குரூவுக்கும் டிரைவருக்கும் நடுவில் ரப்பர் பேண்டை வைத்துத் திருப்பும் குறிப்பு சில சமயம் வேலை செய்யும், துருப்பிடித்து இறுகியதற்குச் செய்யாது.

மின்சாரமும் கேஸும்

இங்கே குறிப்புகளைவிட எச்சரிக்கைதான் அதிகம் வேண்டும். இரண்டு கால் பிளக்கைச் செருக, மூன்று துளைச் சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். அப்படிக் குத்தினால் கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பு திறந்துகொள்ளும். அந்தத் தடுப்பு பிள்ளைகளின் விரலைக் காக்க வைத்தது. பிளக்கும் சரியாகப் பொருந்தாமல் சூடேறும். சிரிம் முத்திரை உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை பெய்த இரவில் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டால் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கை காய்ந்திருக்க வேண்டும், காலில் சிலிப்பர் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் சின்னச் சுவிட்சுகளை எல்லாம் கீழே தள்ளுங்கள். பெரிய சுவிட்சை, அதாவது 'டி' என்று எழுதிய பொத்தான் உள்ளதை, மேலே தூக்குங்கள். அது நின்றால் சின்னவற்றை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டே வாருங்கள். எதைத் தூக்கும்போது பெரியது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. அதைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கினால் வீட்டின் மிச்சப் பகுதிக்கு வெளிச்சம் வந்துவிடும். அப்புறம் அந்த வரிசையில் செருகியிருக்கும் சாமான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடியும் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். நனைந்த வாசல் விளக்கு, வாட்டர் ஹீட்டர், பழைய கேத்தல், இஸ்திரிப் பெட்டி இவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். எதுவும் செருகாதபோதும் விழுந்தால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். விழுகிற சுவிட்சை டேப் ஒட்டித் தூக்கி நிறுத்தச் சொல்லும் யாரையும் கேட்காதீர்கள். அது விழுவதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அந்த 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அழுத்தியதும் சுவிட்ச் விழ வேண்டும்.

மாலையில் கருமேகம் கூடினால் இடி தொடங்கும் முன்பே டிவியையும் வைஃபை பெட்டியையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஏரியல் வயரையும் டெலிபோன் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மின்னலின் வேகம் அந்த வழியாகவும் வரும்.

கேஸ் மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். அடுப்பு அணைந்திருக்கட்டும், ரெகுலேட்டர் திறந்திருக்கட்டும். பாத்திரச் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் தடவுங்கள். குமிழி பெரிதாகிக்கொண்டே போனால் கசிகிறது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் லைட் சுவிட்சைத் தொடக் கூடாது. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

கூரையில் கை வைக்கும் முன்

தகரக் கூரையின் ஆணித் துளை ஒழுகினால், உள்ளே பசையும் வெளியே வெள்ளித் தாளும் உள்ள கூரை டேப் நன்றாகத் தாங்கும். ஆனால் துருவைப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, முழுக்கக் காய்ந்த தகரத்தில் ஒட்ட வேண்டும். மழையில் ஒட்டுவதாகக் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள், அடுத்த வெயிலில் உரிந்து வந்துவிடும். ரப்பர் வாஷர் உள்ள கூரை ஸ்குரூவைப் பழைய ஆணி இருந்த இடத்தில் போட்டுவிட்டு மேலே டேப் ஒட்டினால் பல மழைக்காலம் தாங்கும்.

கூரை தகரமா, சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் சிமெண்டுத் தகடா என்று முதலில் பாருங்கள். பழைய லயங்களிலும் பழைய மலிவு விலை வீடுகளிலும் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த தகடாக இருக்கலாம். அதைத் துளையிடவோ அறுக்கவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரலாம். அதன்மேல் ஏறி நடந்தால் ஆள் எடைக்கே உடைந்து கீழே விழும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட கூரை ஒழுகினால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, கல்நார் வேலை தெரிந்த காண்டிராக்டர் வரும்வரை பொறுத்திருங்கள்.